சுவரடியில் தேங்கிய குளிர்: ஊட்டி வீட்டுத் தோட்டம் ஒன்றில் உறைபனியில் கருகிய செடிகளை மீட்ட கதை

பின்னணி

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை இங்கே பனிக்காலம். முதலில் நீர்ப்பனி விழும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த பிறகு உறைபனி ஆரம்பிக்கும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் மாதிரியான தாழ்வான இடங்களில் விடியற்காலையில் புல் முழுக்க வெள்ளை படிந்திருப்பதைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்த வெள்ளை வேறு விதமான செய்தி.

இங்கே பதிவு செய்வது தலைகுந்தா பக்கம் உள்ள ஒரு வீட்டுத் தோட்டத்தில் நடந்தது. வீட்டுக்காரர்கள் பணி ஓய்வு பெற்ற தம்பதி. சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள், மலைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. தோட்ட வேலை பார்ப்பவர் பக்கத்து ஹட்டியை (படகர் கிராமம்) சேர்ந்த பெரியவர். தோட்டக்கலை ஆலோசகன் என்ற முறையில் ஜனவரி நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள்.

வீடு சரிவின் மேற்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து மூன்று படிக்கட்டுத் தளங்களாகத் தோட்டம் கீழே இறங்குகிறது. அதற்கும் கீழே ஒரு புல்வெளிப் பள்ளம். மேல் தளத்தில் வீட்டுச் சுவரை ஒட்டி ஃப்யூஷியா, ஜெரேனியம். நடுத் தளத்தில் ஒட்டு ரோஜாக்கள், இரண்டு கமேலியா, ஒரு ரோஸ்மேரி புதர். கீழ்த் தளத்தில் வரிசையாக ஹைட்ராஞ்சியா, அசேலியா, தலைகீழாகத் தொங்கும் பூவுள்ள புருக்மான்சியா இரண்டு. இவை தவிர அந்த அம்மா தன் ஊர் ஞாபகத்துக்காக மேட்டுப்பாளையத்திலிருந்து வாங்கிவந்து கீழ்த் தளத்தில் நட்ட செம்பருத்தி ஒன்று.

முந்தைய ஆண்டுகளிலும் உறைபனி விழுந்திருக்கிறது. புல் கருகும், ஜெரேனியத்தின் நுனி கருகும், அதோடு போய்விடும். அந்த ஆண்டு ஜனவரியின் முதல் வாரத்தில் அடுத்தடுத்து வந்த உறைபனி இரவுகளில் கீழ்த் தளம் கிட்டத்தட்ட மொத்தமும், நடுத் தளத்தில் பாதியும், மேல் தளத்தில் குளிர் தாங்காத ஃப்யூஷியாவும் ஜெரேனியமும் கறுத்துப் போயின. தொலைபேசியில் பேசியபோது அந்த அம்மா கேட்ட கேள்வி: "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே, இந்த வருஷம் மட்டும் ஏன்?"

இந்த ஆய்வில் பெரும்பகுதி அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகிறது. காரணம் தெரியாமல் மருந்து கொடுத்திருந்தால் செடிகள் ஒருவேளை பிழைத்திருக்கும், ஆனால் அடுத்த ஜனவரியில் மறுபடி கருகியிருக்கும்.

முதலில் பார்த்தவை

போனவுடன் எந்தச் செடியையும் தொடாமல் தோட்டத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் நடந்து பார்த்தோம். பனிக் கருகலைப் படிக்க இதுதான் முதல் வழி. நோய் வந்தால் ஒரு செடியில் ஆரம்பித்து அடுத்ததுக்குப் பரவிய தடம் தெரியும். பூச்சி என்றால் கடித்த தடம் இருக்கும். பனி இடத்தைப் பொறுத்துத் தாக்கும். ஒரே செடியில்கூட ஒரு பக்கம் கருகி இன்னொரு பக்கம் பச்சையாக இருக்கும்.

இங்கே அந்தத் தடம் மிகத் தெளிவாக இருந்தது. கீழ்ச் சுவரை ஒட்டிய ஹைட்ராஞ்சியாக்களில் இலை, நுனி மொட்டு எல்லாம் கறுப்பு. சுவரிலிருந்து மேலே வர வர கருகல் குறைந்தது. புருக்மான்சியாவில் இடுப்பு உயரத்துக்குக் கீழே எல்லா இலையும் வெந்தது போலத் தொங்கின, உச்சியில் மட்டும் சில இலைகள் தப்பியிருந்தன. வழக்கமாக நுனியும் வெளிப்புறமும்தான் முதலில் அடிபடும். கீழ்ப்பகுதி கருகி உச்சி தப்பினால், குளிர் காற்று தரையோடு ஒரு உயரம் வரை நிரம்பி நின்றது என்று பொருள். சில்வர் ஓக் மரத்தின் கிளைகளுக்கு அடியில் இருந்த ஒரு அசேலியா மட்டும் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. திறந்த வானத்துக்குக் கீழே தரையும் இலையும் தம் வெப்பத்தை வேகமாக இழக்கும். மேலே கிளை மூடியிருந்தால் அந்த இழப்பு குறையும்.

அப்புறம் அந்த ஆண்டில் புதிதாக என்னென்ன நடந்தது என்று கேட்டோம். நான்கு விஷயங்கள் வந்தன.

ஒன்று, சுவர். காட்டுமாடு இறங்கி வந்து செடிகளை மேய்ந்து மிதிப்பதால், மழை விட்ட இடைவெளியில் தோட்டத்தின் கீழ் எல்லையில் இருந்த முள்வேலியை எடுத்துவிட்டு, ஆள் உயரத்துக்குக் கல் சுவர் கட்டியிருந்தார்கள். வாசலோ சந்தோ விடாமல் ஒரே அடைப்பு.

இரண்டு, உரம். அக்டோபர் கடைசியில் எல்லாச் செடிகளுக்கும் காம்ப்ளெக்ஸ் உரம் போட்டிருந்தார்கள், ஹைட்ராஞ்சியாக்களை லேசாகக் கிளை வெட்டிக் கவாத்தும் செய்திருந்தார்கள். மே மாத மலர்க் கண்காட்சி நேரத்தில் சொந்தக்காரர்கள் வருவார்கள், அப்போது தோட்டம் நிறைந்திருக்க வேண்டும் என்பது ஆசை. அதனால் டிசம்பரில் எல்லாச் செடியிலும் இளந்தளிர். நீர் அதிகமுள்ள இளந்திசுதான் பனியில் முதலில் சாகும்.

மூன்று, தண்ணீர். மழை நின்றபின் ஒரு மாதமாகத் தண்ணீர் விடவில்லை. "பனி நேரத்துல தண்ணி விட்டா வேரு அழுகிடும்னு விட்டுட்டேன் சார்" என்றார் பெரியவர். பலரும் நம்புவது இதைத்தான். குளிரில் மண் தொடர்ந்து சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகும் என்பது சரிதான். ஆனால் இங்கே மண் விரல் ஆழத்துக்கும் கீழே தூளாகக் காய்ந்திருந்தது. ஈரமான மண் பகலில் வெயிலின் வெப்பத்தை அதிகமாகப் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும். காய்ந்த மண்ணில் காற்று இடைவெளிதான் அதிகம், அது வெப்பத்தைச் சேமிக்காது.

நான்கு, மூடிய விதம். நடுத் தளத்து ரோஜாக்களைக் காப்பாற்றுவதற்காகப் பிளாஸ்டிக் தாளை நேராகச் செடி மேலேயே போர்த்தி, தண்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் தொட்ட இலைகள் எல்லாம் கருகியிருந்தன, தொடாத இடங்களில் இல்லை. தண்டோடு கட்டியதால் தரையிலிருந்து வரும் வெப்பம் உள்ளே போக வழியில்லாமல் போயிருந்தது.

சுவரைச் சோதித்தது

உரமும் தண்ணீரும் எல்லாத் தளத்துக்கும் பொதுவானவை. ஆனால் கருகல் கீழ்ச் சுவரை நோக்கிக் கூடிக்கொண்டே போனது. ஆகவே சுவர் மேல் சந்தேகம் வந்தது.

காற்றில்லாத தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிறது. சரிவான இடத்தில் அந்தக் கனத்த காற்று, வயலில் மடை திறந்த தண்ணீர் போலப் பள்ளத்தை நோக்கி ஓடும். குறுக்கே வரப்பு இருந்தால் அங்கே தேங்கும். பழைய முள்வேலி வழியே அது கீழ்ப் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது போக வழியில்லை என்பது எங்கள் ஊகம்.

அதைச் சோதிக்கச் செலவு எதுவும் ஆகவில்லை. மேகமில்லாத ஒரு இரவில், மேல் தளத்தில் தரைக்கு அருகே ஊதுபத்திக் கட்டைக் கொளுத்தி வைத்து டார்ச் வெளிச்சத்தில் புகையைப் பார்த்தோம். புகை மேலே எழாமல் தரையோடு படிந்து, படிகளில் இறங்கி, கீழ்ச் சுவருக்குப் பக்கத்தில் வந்து நகராமல் நின்றது. சுவரின் உயரத்தில் ஏறத்தாழ பாதி வரை மங்கலாக ஒரு படலம். புருக்மான்சியாவின் இலைகள் கருகியிருந்த உயரமும் ஏறத்தாழ அதுதான். அதோடு, குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதிவு செய்து வைக்கும் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றை வராந்தாவுக்கு வெளியிலும் இன்னொன்றைக் கீழ்ச் சுவரடியிலும் ஒரே உயரத்தில் கட்டினோம். மறுநாள் காலை வராந்தா பக்கம் 3 டிகிரி செல்சியஸ், சுவரடியில் மைனஸ் 2.

ஒரே தோட்டத்துக்குள் 5 டிகிரி வித்தியாசம். செய்தியில் சொல்லும் ஊட்டி வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு 'பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லையே' என்று நம்பி இருக்கக் கூடாது என்பதற்கு இது போதும். வானிலை நிலையங்கள் ஆள் மார்பு உயரத்தில், நிழல் பெட்டிக்குள் அளக்கின்றன. அதே இரவில் புல் நுனியில் குளிர் பல டிகிரி கூடுதலாக இருக்கலாம்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, வெட்டுவதில்லை என்பது. இதுதான் எல்லாரையும் சம்மதிக்க வைக்கக் கஷ்டமான முடிவு. கறுத்த இலைகளோடு தோட்டம் பார்க்கவே மனசுக்கு வேதனையாக இருந்தது. நான் போவதற்கு முன்பே "எல்லாம் போச்சு, வெட்டிப் போட்டுடறேன்" என்று பெரியவர் சொல்ல, வீட்டுக்கார ஐயாவும் சரி என்று சொல்லி, வரிசையின் ஒரு முனையில் இரண்டு ஹைட்ராஞ்சியாக்களை முழங்கால் உயரத்துக்கு வெட்டியிருந்தார்கள். மிச்சத்தை நிறுத்தி வைத்தோம்.

காரணங்கள் இவை. கருகிய இலையும் கிளையும் அடியில் உள்ள உயிருள்ள மொட்டுகளுக்கு ஒரு போர்வை. அதை எடுத்தால் அடுத்த பனி நேராக உயிருள்ள தண்டில் விழும். அதோடு வெட்டினால் செடி தூண்டப்பட்டுத் துளிர்விடும். பிப்ரவரி இன்னும் முழுசாக பாக்கி இருந்தது. மூன்றாவது காரணம் எனக்கு மிக முக்கியமானது: உறைந்த கிளையில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்பது உடனே தெரியாது. திசுவுக்குள் பனிக்கட்டி உருவாகும்போது உயிரணுக்களிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படுகிறது, சவ்வு கிழிகிறது. இலையில் இது ஒரே நாளில் கறுப்பாகத் தெரியும். தடித்த தண்டில் வாரக் கணக்கில், சில செடிகளில் மாதக் கணக்கில் தெரியாது.

விதிவிலக்கு ஜெரேனியம். சதைப்பற்றான அதன் தண்டுகள் கூழாகிவிட்டிருந்தன. அழுகல் கீழே இறங்கும் என்பதால் அவற்றை உறுதியான பகுதி வரை உடனே நறுக்கி அப்புறப்படுத்தினோம். தப்பிய நுனிகள் சிலவற்றை எடுத்துத் தொட்டியில் பதியம் போட்டு வராந்தாவுக்குள் வைத்தார் அந்த அம்மா. பாதுகாப்புக்காகச் செய்த அந்தச் சின்ன வேலை பின்னால் பெரிய பயன் தந்தது.

இரண்டாவது, தண்ணீர். மூன்று நாளுக்கு ஒரு முறை, முற்பகலில், வேர் ஆழத்துக்கு ஈரம் இறங்கும்படி மண்ணுக்கு மட்டும் விடச் சொன்னோம். மாலையில் இலை நனையக் கூடாது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் காலையில் புல்வெளிக்குத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பதைப் பார்த்திருந்த ஐயா, இரவிலேயே செடிகள் மேல் தெளிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பூங்காவில் தெளிப்பது விடிந்த பிறகு. இரவில் தெளிக்க ஆரம்பித்தால் பனி முற்றிலும் கரையும் வரை நிறுத்தாமல் தெளிக்க வேண்டும். நடுவில் நின்றால் நனைந்த இலையிலிருந்து நீர் ஆவியாகி இன்னும் குளிரும்.

மூன்றாவது, மூடாக்கு. செடிகளின் அடியில் தடிமனாகப் பரப்பியிருந்த காய்ந்த இலைச் சருகைப் பனிக்காலம் முடியும் வரை ஓரமாக ஒதுக்கினோம். இதைக் கேட்டதும் பெரியவருக்கு ஆச்சரியம். தரை முழுக்க உறையும் குளிர் நாடுகளில் மூடாக்கு வேரைக் காக்கும். நீலகிரியில் மண் ஆழமாக உறைவதில்லை. இங்கே பிரச்சினை இரவு நேரக் காற்றுதான். தடித்த சருகு மண்ணின் வெப்பம் மேலே வருவதைத் தடுத்து, செடியைச் சுற்றியுள்ள காற்றை இன்னும் குளிர்விக்கும். அதைவிடத் திறந்த ஈர மண்ணே நல்லது.

நான்காவது, போர்த்துவது. பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு, செடியைச் சுற்றி நான்கு குச்சி ஊன்றி, அதன் மேல் பழைய பெட்ஷீட்டும் சணல் சாக்கும் தரையைத் தொடும்படி தொங்கவிட்டோம். துணி இலையைத் தொடக் கூடாது, அடிப்பக்கம் விரிந்திருக்க வேண்டும். மண்ணின் வெப்பம் உள்ளே ஏறி நிற்க அதுதான் வழி. சூரியன் வந்து பனி கரைந்ததும் எடுத்துவிட வேண்டும். துணி போதாத இடத்தில் மிலார் என்ற செடியின் கொப்புகளைச் சுற்றிலும் நட்டுச் சாய்த்தார் பெரியவர். பூங்காக்களில் நாற்றுகளைக் காக்க மிலார் வைப்பது இங்கே பழைய வழக்கம். அந்த வேலையில் அவர் கை எங்கள் யாரையும்விடத் தேர்ந்தது.

ஐந்தாவது, உரம் கிடையாது. இதற்கும் எதிர்ப்பு இருந்தது. நோயாளிக்குச் சத்து கொடுப்பது இயல்பான எண்ணம்தான். ஆனால் இலையில்லாத செடியால் உரத்தைப் பயன்படுத்த முடியாது. தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுத்தால் பனிக்காலம் முடியும் முன்பே தளிரைத் தள்ளும். புது இலை நன்றாக விரிந்த பிறகு மக்கிய தொழு உரம் மட்டும் என்று முடிவானது.

கடைசியாகச் சுவர். காட்டுமாடு பயத்தால் சுவரைத் திறக்கத் தயக்கம் இருந்தது, அது நியாயமானது. பேசிப் பேசி, மிகத் தாழ்ந்த மூலையில் ஒரு ஆள் நுழையும் அகலத்துக்குத் தரை மட்டம் வரை கல்லை எடுத்துவிட்டு இரும்புக் கிராதிக் கதவு போடுவது என்று ஒத்துக்கொண்டார்கள். மாடு வராது, காற்று போகும். கொத்தனாரும் வெல்டரும் கிடைக்க ஜனவரி கடைசி ஆகிவிட்டது.

பிப்ரவரியில் நடந்தது

ஜனவரி கடைசியில் சில நாள் மேகம் மூடி, இரவு கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. முன்பே வெட்டியிருந்த இரண்டு ஹைட்ராஞ்சியாக்களும் உடனே துளிர்விட்டன. பச்சையைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குச் சந்தோஷம், மற்றதையும் வெட்டியிருக்கலாமோ என்ற எண்ணமும் வந்தது. பிப்ரவரி இரண்டாவது வாரம் வானம் தெளிந்து மறுபடி உறைபனி விழுந்தது. அந்த இரண்டு செடிகளின் தளிர் மொத்தமும் போயிற்று. கருகிய இலையோடு விட்டிருந்த செடிகளில் புதுச் சேதம் ஏறக்குறைய இல்லை.

ஒரே வரிசை, ஒரே மண், ஒரே இரவு. இவ்வளவு தெளிவான ஒப்பீடு கேட்டாலும் கிடைக்காது. அதற்குப் பிறகு வெட்டுவது பற்றி யாரும் பேசவில்லை.

கிராதிக் கதவுக்குப் பின் ஊதுபத்திச் சோதனையை மறுபடி செய்தோம். புகை சுவரோரமாக நகர்ந்து கதவு வழியே பள்ளத்துக்குப் போனது. தெர்மாமீட்டர் வித்தியாசம் 5 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்கு வந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: அப்போது மண்ணும் ஈரமாக இருந்தது, சருகும் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகவே இந்த முன்னேற்றம் முழுவதையும் கதவின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. புகை போன திசை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது.

நகத்தால் கீறிப் பார்த்தது

மார்ச் முதல் வாரத்தில், இரவுக் குளிர் தணிந்து மொட்டுகள் பருக்க ஆரம்பித்ததும், ஒவ்வொரு செடியாகக் கிளைகளைச் சோதித்தோம். முறை எளிது. கிளை நுனியிலிருந்து தொடங்கி, பட்டையை நகத்தால் மெல்லக் கீற வேண்டும். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகவோ காய்ந்தோ இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிக் கீற வேண்டும். பச்சை ஆரம்பிக்கும் இடத்தில் சிவப்புக் கம்பளி நூல் கட்டினோம். ஒரே செடியின் கிளைகளில்கூட நூல் வெவ்வேறு உயரத்தில் வந்தது. அத்தனையையும் ஒரே உயரத்தில் வெட்டியிருந்தால் எவ்வளவு உயிருள்ள கிளையை இழந்திருப்போம் என்பதை வீட்டுக்காரர்களே நூலைப் பார்த்துச் சொன்னார்கள்.

நூல் கட்டி மேலும் பத்து நாள் விட்டோம். பச்சை என்று நினைத்த சில இடங்கள் அதற்குள் பழுப்பாயின. நூலைக் கீழே இறக்கினோம். பிறகுதான் கத்தரி.

ஹைட்ராஞ்சியாவில் மேலிருந்து பார்த்து, முதலில் தென்படும் தடித்த உயிருள்ள மொட்டு ஜோடிக்குச் சற்று மேலே வெட்டினோம். அதற்குக் கீழே கை வைக்கவில்லை. இந்தத் தோட்டத்தில் இருந்த வகை போன ஆண்டுக் கிளையின் மொட்டிலிருந்துதான் பூக்கும். நுனி மொட்டு செத்த கிளைகள் இந்த ஆண்டு பூ தருவது அரிது என்பதை அப்போதே சொல்லிவிட்டேன். மே மாத ஆசை நிறைவேறாது என்று கேட்பது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் செடி பிழைப்பது ஒன்று, பூப்பது இன்னொன்று. முதலாவது கைக்குள் இருந்தது.

ஃப்யூஷியாவில் மேலே எல்லாம் காய்ந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மட்டும் பச்சை. அங்கே வெட்டினோம். புருக்மான்சியாக்களில் ஒன்றின் தண்டு முழங்கால் வரை உயிரோடு இருந்தது, மற்றதில் பச்சையே தெரியவில்லை. அதைப் பிடுங்காமல் தரையோடு வெட்டி, இடத்தைக் குச்சி நட்டு அடையாளம் வைத்தோம். வேரிலிருந்து துளிர்க்கும் இயல்புள்ள செடி அது.

ரோஜாக்களில் வேறு கவனம் தேவைப்பட்டது. அவை ஒட்டுச் செடிகள்: காட்டு ரோஜாவின் அடித்தண்டில் நல்ல ரோஜாவை ஒட்டியவை. ஒட்டுக்கு மேலே தண்டு செத்திருந்தால், ஒட்டுக்குக் கீழேயிருந்து காட்டு ரோஜா வேகமாக எழும்பும். செழிப்பைப் பார்த்து ஏமாந்து அதையே வளர்த்துவிடுவார்கள். ஒட்டு முடிச்சைப் பெரியவருக்குக் காட்டி, அதற்குக் கீழே வரும் எதையும் வேரோடு ஒட்டிய இடத்திலேயே கிழித்தெடுக்கச் சொன்னோம். பெரிய வெட்டு வாய்களுக்கு, பூஞ்சை பிடிக்காமல் தடுக்கும் போர்டோ பசை தடவினோம்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்ற விகிதத்தில், இந்தத் தோட்டத்துக்குத் தேவையான சிறிய அளவு. கமேலியா தேயிலையின் இனம். இலைக்குச் சேதமில்லை, விரிந்த பூக்களும் பருத்த மொட்டுகளும் மட்டும் பழுப்பாகி உதிர்ந்தன. ரோஸ்மேரிக்கு எதுவும் செய்யவில்லை, தேவையும் இல்லை.

கோடையிலிருந்து மழைக்காலம் வரை

ஏப்ரலில் கோடை மழை இறங்கியதும் தோட்டம் மாறியது. ஹைட்ராஞ்சியாக்கள் அடியிலிருந்தும் பழைய கிளைகளிலிருந்தும் நன்றாக இலை விட்டன. முன்கூட்டி வெட்டப்பட்ட இரண்டும் பிழைத்தன, ஆனால் மற்றவற்றில் பாதி உயரம்தான். மே மாதத்தில் வரிசை முழுக்கச் சேர்த்து ஒரு சில பூங்கொத்துகள், அதுவும் சில்வர் ஓக் மரத்துக்கு அருகிலிருந்த செடிகளில். இலை விரிந்த பிறகு தொழு உரம் வைத்து, ஒதுக்கிய சருகை மறுபடி மூடாக்காகப் பரப்பினோம்.

ஃப்யூஷியா எதிர்பார்த்ததைவிட வேகம், ஜூலையில் பூத்தது. தரையோடு வெட்டிய புருக்மான்சியா மே மாதம்தான் மண்ணைப் பிளந்து வந்தது. அந்தக் குச்சி இல்லையென்றால் அதற்குள் அங்கே வேறு செடி நட்டிருப்பார்கள். ஜெரேனியத்தில் தாய்ச் செடிகள் பெரும்பாலும் போய்விட்டன, வராந்தாவில் வைத்த பதியங்கள் அந்த இடத்தை நிரப்பின.

செம்பருத்தி பிழைக்கவில்லை. ஏப்ரல் வரை காத்திருந்து கீறினோம், வேர்க் கழுத்து வரை பழுப்பு. வெப்ப மண்டலச் செடிக்கு மைனஸ் 2 டிகிரி தாங்க முடியாதது. எந்த மூடலும் அந்த இடத்தில் அதைக் காப்பாற்றியிருக்குமா என்பது சந்தேகம்.

எங்களை யோசிக்க வைத்தது ஒரு அசேலியா. மார்ச்சில் கீறியபோது பச்சை. ஏப்ரலில் துளிரும் விட்டது. மே மாதத்தில் நல்ல வெயில் அடித்த முதல் வாரத்தில் ஒரேயடியாக வாடி, சில நாளில் செத்தது. பிடுங்கிப் பார்த்தபோது தரையை ஒட்டித் தண்டின் பட்டை நீளவாக்கில் பிளந்து, உரிந்து நின்றது. உறைபனி இரவில் பட்டை வெடித்திருக்கிறது. மேலே இருந்த சேமிப்பை வைத்துச் செடி துளிர்விட்டது, தேவை கூடியபோது தாங்க முடியவில்லை. அசேலியாவில் இது அறியப்பட்ட விஷயம். பக்கத்திலிருந்த இன்னொன்றில் அதே பிளவு சிறிதாக, தண்டின் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. உரிந்த பட்டையைச் சீராக நறுக்கி, நிழல் கொடுத்து, அளவான ஈரத்தில் வைத்ததில் அது நின்றுவிட்டது.

தென்மேற்குப் பருவமழையில் வெட்டாமல் விட்டுப்போன சில காய்ந்த கிளைக் கட்டைகளில் சாம்பல் பூஞ்சை பிடித்தது. ஹைட்ராஞ்சியாவில் இரண்டு கிளைகளில் அது உயிருள்ள பகுதிக்கும் இறங்கப் பார்த்தது. சுத்தமான பகுதி வரை வெட்டியெடுத்து, உள்ளே காற்றுப் போக நெருக்கமான கிளைகளைக் களைந்ததும் நின்றது.

மாற்றிச் செய்யப் போவது

அடுத்த பனிக்காலத்துக்கு முன் வீட்டுக்காரர்களும் பெரியவரும் நானும் உட்கார்ந்து வேலைகளைத் தேதி வாரியாகப் பிரித்தோம். ஆகஸ்டுக்குப் பிறகு தழைச்சத்து உரம் இல்லை. செப்டம்பருக்குப் பிறகு கவாத்து இல்லை. ஹைட்ராஞ்சியாவில் வாடிய பூங்கொத்தைக்கூட மார்ச் வரை எடுக்காமல் விடுவது, அடியில் உள்ள மொட்டுக்கு அதுவே ஒரு குடை. நவம்பர் கடைசியில் சருகை ஒதுக்குவது, மண் காயாமல் பார்ப்பது. குச்சி, துணி, சாக்கு எல்லாம் முதல் பனிக்கு முன்பே தளம் தளமாகக் கட்டி வைப்பது.

எந்த இரவில் மூட வேண்டும் என்பதைப் பெரியவரே தீர்மானிப்பது என்று விட்டோம். பகலில் காற்று வறண்டு, சாயங்காலம் காற்று விழுந்து, மேகமே இல்லாமல் இருந்தால் அவர் மூடிவிடுவார். சுவரடித் தெர்மாமீட்டர் அவர் கணிப்போடு பெரும்பாலும் ஒத்துப்போனது. தோட்ட வேலை செய்பவர்களின் இந்த அனுபவ அறிவை ஆலோசனை சொல்பவர்கள் கேட்டு வாங்க வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு தோட்டத்தில் இதே நிலை வந்தால், மார்ச்சில் கிளைகளைக் கீறுவதோடு எல்லா அசேலியாவின் அடித்தண்டையும் மண்ணை விலக்கிப் பார்ப்பதை முறையில் சேர்த்துக்கொள்வேன். பிளவை இரண்டு மாதம் முன்னால் பார்த்தால் காப்பாற்ற வாய்ப்பு கூடுதல். சரிவின் குறுக்கே சுவர் கட்டப் போகிறவர்களிடம், அஸ்திவாரம் எடுக்கும்போதே தாழ்ந்த மூலையில் ஒரு திறப்பு விடச் சொல்வதும் இப்போது என் வழக்கமாகிவிட்டது. கட்டிய பிறகு உடைக்கிற செலவில் பாதிகூட ஆகாது.

அடுத்த ஜனவரியிலும் உறைபனி விழுந்தது. கீழ்த் தளத்தில் வெளிப்புற இலைகள் கருகின, மொட்டுகள் தப்பின. மே மாதம் ஹைட்ராஞ்சியா வரிசை பூத்தது. முன்கூட்டி வெட்டப்பட்ட இரண்டு செடிகளில் ஒன்று மட்டும் இன்னும் பூக்கவில்லை. அதைச் சில்வர் ஓக் மரத்தடிக்கு மாற்ற முடிவு செய்திருக்கிறோம். செம்பருத்தி இருந்த இடத்தில் இப்போது ஒரு கமேலியா. புதுச் செம்பருத்தி ஒன்று தொட்டியில், மேல் தளத்தில், வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. டிசம்பர் வந்தால் அந்த அம்மா அதை உள்ளே எடுத்துக்கொள்கிறார்.